அவரை வேரில் நான் பார்த்தது

ஏங்க,

அவரை விதையில் பாக்டீரியாப் பொடி புரட்டி நட்டதன் மூலம் மனிதகுலத்தின் பசிக்கு நம் பால்கனியிலேயே முடிவு கட்டிவிட்டதாக நேற்று முழங்கினீர்கள். உங்கள் பசிக்குச் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் குடியிருப்போர் சங்கத்தில் பேசப் போகுமுன் இதைப் படியுங்கள். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், கோபிக்காதீர்கள். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது, செடி அதற்குச் சர்க்கரை தருகிறது; நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. இரண்டும் ஒரு வார்த்தை முழங்காமல் செய்கின்றன என்பதுதான் எனக்குப் பிடித்தது.

போன வருஷத்து அவரை வேர்களை அதே தொட்டி மண்ணில் நான் புதைத்தபோது, "ஏன்டி, என் தொட்டி என்ன உனக்குக் குப்பைக்கூடையா?" என்று கத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பாக்டீரியா அதிலிருந்து வந்ததுதான்.

கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். நீலச் சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன், அதுதான் உங்களுக்கு எடுப்பு.

பி.கு: நீங்கள் வாங்கிய பாக்டீரியாப் பொட்டலம் ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் பிரிக்காமலே இருக்கிறது. விதையில் நீங்கள் புரட்டியது காபித்தூள்.