வலிக்காத வேகம்

மாசி 9, வெள்ளி

திங்கட்கிழமை போலீஸ் தேர்வுக்காக நானூறு மீட்டர் ஓட வேண்டும். ஒரு வாரமாகக் குதிகாலுக்கு மேலே வலி. இன்று திருக்கோகர்ணத்தில் பிசியோதெரபி அக்காவிடம் காலைக் காட்டினேன். அழுத்திப் பார்த்துவிட்டு, "எப்பம்மா வலிக்குது?" என்றார்.

"மெதுவா ஓடுனா ஒண்ணும் இல்லக்கா. வேகம் எடுத்தாத்தான்."

"வேகம் கூடக் கூட பாதம் தரையில படுற நேரம் கொறையும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள ஒடம்பு மொத்தத்தையும் மேல தூக்கி விடணும்ல, அதுக்கு இந்தத் தசைநார்தான் இழுபடுது. கொஞ்ச நாளைக்கு மெதுவாவே ஓடும்மா."

சரி என்றேன். திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்லவில்லை.

வெளியே வந்தால் டவுன் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. யோசிக்காமல் ஓடி ஏறிவிட்டேன். வலியே தெரியவில்லை. "நிப்பாட்ட மாட்டமா, ஏன் இப்படி ஓடி வாரீங்க?" என்றார் கண்டக்டர். உட்கார்ந்த பிறகுதான் வலி ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் அம்மா, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஓடலாம்னாங்கம்மா."

பொய் இல்லை. எந்த வேகத்தில் என்று அம்மா கேட்கவில்லை.