‘நிற்கும் வரை’ என்று நான் எழுதிய பலகை

அக்கா,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பாவும் தூங்கிவிட்டார். நான்தான் இரண்டு தடவை எழுந்து போய் அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அவர் கழற்றிப் போட்ட காலுறையெல்லாம் லாலாங் புல். உதறினேன், அந்தப் பச்சை வாசனை எழுந்தது, உங்கள் முகம் வந்துவிட்டது.

இன்று விமானத் திடலில் அவர் தலை தப்பியது. உங்களிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. நீங்கள் ஊருக்குக் கப்பலேறி ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே யார் இதைப் படித்துக் காட்டுவார்களோ, தெரியவில்லை. படிக்கிறவர் தயவுசெய்து நிதானமாகப் படிக்கட்டும்.

அந்த விசிறிக் கப்பல் முதல் தடவை கோலாலம்பூருக்கு வந்தது நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிய ஆட்டோஜைரோ. மூக்கில் மற்ற விமானங்களைப் போல ஒரு காற்றாடி. தலைக்கு மேலே கீல் வைத்துப் பூட்டிய மூன்று நீள இறக்கைகள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஜனங்கள் வருவார்கள், தமிழில் ஓர் எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று திடல் துரை சொல்ல, அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்த இவர் அந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். “மெட்ராஸ் காலேஜில் படித்தவள் வீட்டிலேயே இருக்கிறாள், எனக்கென்ன கவலை?” என்றார். நானும் பெருமையோடு எழுதினேன்: ‘விசிறி நிற்கும் வரை அருகில் வராதீர்கள்.’

மறுநாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் திடலுக்கு வந்தேன். புல் வெட்டும் உங்கள் கூட்டத்துக்கு இவர் அதை உரக்கப் படித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் மட்டும் கேட்டீர்கள்.

“அப்ப ஓடுறப்ப வரலாமா, கிராணி ஐயா?”

கூட்டம் சிரித்தது. “என்ன உளர்றே?” என்றேன் நான். அப்போதெல்லாம் உங்களை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“உளறலை தாயி. மூச்சு இருக்கிற வரை உழைக்கணும்னு சொல்றோம். மூச்சு இருக்கிறப்பதானே அது? அதேபோல, விசிறி நிக்கிற வரை வராதேன்னா நிக்கிறப்ப வராதே, சுத்துறப்ப வான்னு எங்காளு ஒருத்தன் போயிட்டான்னா?”

இலக்கணப்படி சரிதான் என்று நான் முனகினேன். “இலக்கணம் வந்து தலையை ஒட்ட வைக்குமா?” என்றாள் உங்களுக்குப் பின்னால் நின்றவள். எனக்குக் காது சுட்டது.

நீங்கள் அதோடு விடவில்லை. அப்போதுதான் இறங்கியிருந்த இயந்திரத்தைக் காட்டினீர்கள். “பாருங்க, வேகமா சுத்துறப்ப இறக்கை விறைப்பா மேலே நிக்குது. ஓயுறப்பதான் தொங்குது. ஜனம் எப்ப கிட்ட வரும்? ஓயுறப்பதானே?”

பக்கத்தில் இயந்திரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டு நின்ற யாழ்ப்பாணத்து பிட்டர் திரும்பிப் பார்த்தார். “அவ சொல்லுறது மெத்தச் சரி. சுத்து குறைஞ்சா செட்டையள் தாழும். அந்த நேரம் காத்தடிச்சா இன்னும் பணியும். வால் பக்கம் நிக்கிற ஆளின்ர தலைக்கு வந்திடும்.”

“இது குட்டிக்கரணம் போடுமா தம்பி?” என்று அவரிடம் கேட்டீர்கள்.

“ஐயோ, கூடவே கூடாது! மூக்கைச் சடாரெண்டு கீழ அமத்தினாலே செட்டையில இருக்கிற பாரம் போயிடும். பாரம் போனா அது தளர்ந்து, சொல்லுக் கேளாது.”

“எங்க புல்லுக்கட்டு மாதிரிதான்லா. சுமை தலையில அழுத்தினாதான் நடை நேராகுது” என்றீர்கள். பிட்டர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வாரமாக இவர் எனக்கு விளக்கிப் புரியாதது அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்தது.

அன்று மத்தியானமே பலகையை மாற்றினேன். வார்த்தை உங்களுடையது, எழுத்து மட்டும் என்னுடையது. ‘சுற்றினாலும் வராதே. ஓய்ந்தாலும் வராதே. கூப்பிட்டால் வா.’ துரைக்கு அர்த்தம் சொன்னார்கள், கைகொடுத்துப் பாராட்டினார். “என் மனைவி எழுதியது” என்றார் இவர். நான் வாய் திறக்கவில்லை. கேட்கும் தூரத்தில்தான் நீங்கள் நின்றீர்கள். “கிராணியம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்றீர்கள். அது பாராட்டா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இன்று அதே இயந்திரம் மறுபடியும் வந்தது, பாப்பாவோடு நானும் போயிருந்தேன். ஏறிப் பார்க்கிறவர்களை அழைத்துப் போகும் பொறுப்பு இப்போது இவருடையது. அது இறங்கி, மூக்குக் காற்றாடி நின்றுவிட்டது. மேல் இறக்கைகள் மெல்ல மெல்ல ஓய்ந்துகொண்டிருந்தன. காற்று இவர் தொப்பியைத் தட்டி வால் பக்கமாக உருட்டியது. இத்தனை வருஷம் அங்கேயே வேலை பார்ப்பவர், எல்லாம் தெரிந்தவர், தொப்பியைத் தவிர ஒன்றும் கண்ணில் படாமல் அதன் பின்னால் ஓடினார். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இப்பால் நின்ற நான் கையை மட்டும் நீட்டினேன்.

பாப்பாவுக்கு நாலு வயது. படிக்கத் தெரியாது. சோறு ஊட்டும்போது அந்தப் பலகையைத்தான் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“அப்பா! ஓஞ்சாலும் வராதே!”

சுண்டைக்காய் அப்பாவை அதட்டுகிறதே என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே நின்று, திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் பிட்டர் அன்று சொன்ன அந்தக் காற்று அடித்தது. ஓர் இறக்கை அவர் தோள் மட்டத்துக்குத் தாழ்ந்து, இரண்டடி தள்ளிக் கடந்து, மறுபடி மேலே போனது. அவர் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன், அக்கா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாப்பா என் கன்னத்தைத் துடைத்து, “கூப்பிட்டா வரலாம்மா” என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

இராச் சாப்பாட்டின்போது இவரிடம் சொல்லிவிட்டேன். அந்த வரி என்னுடையதில்லை, உங்களுடையது என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார். “இதை ஏன் இத்தனை நாளா சொல்லலே?” என்றார். படித்த திமிர் என்றேன். வேறு என்ன சொல்ல? நாளைக்கே துரையிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அன்றைக்கே, நீங்கள் பக்கத்தில் நின்றபோதே நான் சொல்லியிருக்க வேண்டியது. மன்னியுங்கள்.

ஒரு பழக்கம் மட்டும் உங்களால் எனக்கு ஒட்டிக்கொண்டது. எதை எழுதினாலும், மருந்து பாட்டிலில் ஒட்டும் சீட்டானாலும், யாரையாவது நிறுத்தி உரக்கப் படித்துக் காட்டி, “இது வேற மாதிரி கேக்குதா?” என்று கேட்கிறேன். பால்காரர் என்னைக் கண்டாலே வேகமாக நடக்கிறார்.

போர்ட் சுவெட்டன்ஹாமில் உங்களை வழியனுப்ப வந்தபோது, என்னை மூட்டையைத் தூக்கவிடாமல் நீங்களே சுமந்து, இருமிக்கொண்டிருந்தீர்கள். அந்த இருமல் நின்றதா? ஊர் போய்ச் சேர்ந்ததாகக்கூட இதுவரை ஒரு தகவலும் இல்லை. இன்று வீட்டில் எல்லோரும் முழுசாக இருக்கிறோம். நீங்களும் அப்படி இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். யாரையாவது எழுதச் சொல்லி, சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.