முரளியின் கடையில் நான் ஏற்றாத விளக்கு

முருகனுக்கு அடுத்து நான் கும்பிடும் என் அப்பாவுக்கு,

நேற்று உங்கள் பேரன் முரளி ஜூ டவுன் யூதர் தெருவில் காப்பிக் கடை திறந்தான். நீங்கள் மிளகு மூட்டை சுமந்த அதே கிடங்குதான். கல்லாவுக்குப் பின்னால் உங்கள் படம், முல்லை மாலையோடு. குத்துவிளக்கை நான்தான் ஏற்ற வேண்டும் என்று கார் அனுப்பி அழைத்திருந்தான். ஏற்றாமல் வந்துவிட்டேன். ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கடைச் சுவர் முழுக்கப் பழைய இங்கிலீஷ் வார்த்தைகள். வெள்ளைக்காரன் காலத்தில் புழங்கி, இப்போது யாரும் பேசாதவை. ஒவ்வொன்றுக்கும் கீழே அர்த்தம், எங்கிருந்து வந்தது என்ற விவரம். பொட்டலம் கட்டி வந்த தாள்களில் இங்கிலீஷ் கற்றவள் நான், விடுவேனா? ஒன்றுவிடாமல் வாசித்தேன். நம் சுருட்டுதான் கப்பலேறி ‘செரூட்’ ஆனதாம். உங்கள் காதில் செருகியிருக்கும் பாதிச் சுருட்டு நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் ஷாஜியைப் பார்த்தேன். கடைக்குத் தண்ணீர் கேன் தூக்கும் ஆள். பரிமாறுகிறவர்களின் ஏப்ரனில் ‘பட்லர்’ என்று எழுதியிருந்தது. ஷாஜியின் ஏப்ரனில், நெஞ்சு அகலத்துக்கு, ‘கூலி’. படம் எடுக்க வந்த பெண் சொல்கிறாள்:

“சேட்டா, கேனைத் தோள்ல வச்சு இன்னும் கொஞ்சம் குனிங்க. ஹா, சூப்பர்!”

கையிலிருந்த காப்பியை மேஜையில் வைத்துவிட்டேன்.

சுவரில் அதற்கும் விளக்கம் இருந்தது: கீழை நாட்டு மட்டமான சுமைக்காரன், தமிழ்ச் சொல். குஜராத் பக்கத்து ஜனங்களின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. ஆனால் நம் வீட்டில் கூலி என்பது ஓர் ஆளின் பெயராகவா இருந்தது, அப்பா? நீங்கள் குளித்துவிட்டு வந்து முருகன் படத்தின் முன்னால் வைப்பீர்களே, அதல்லவா? அதை வைத்த பிறகுதானே அம்மா விளக்கேற்றுவாள்? அந்தச் சொல்லை எடுத்து மனிதன் மேல் ஒட்ட யாருக்கு மனசு வந்தது?

“என்னடா இது?” என்றேன் முரளியிடம்.

“அம்மே, சும்மா தமாஷாக்கும். டூரிஸ்டுகளுக்கு இதுதான் இஷ்டம்.”

“அப்போ நீ கட்டிக்கோ. கட்டிண்டு கல்லாவில உக்காரு.”

“நான் ஓனரில்லையா?”

பதிலைக் கேட்டீர்களா?

“சாரமில்லை சேச்சி, பரவாயில்லை விடுங்க. துணிதானே,” என்று ஷாஜி நடுவில் வந்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கேனை மார்போடு அணைத்து எழுத்தை மறைத்துக்கொண்டான்.

நான் உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

“அம்மே, நல்ல நேரம் போறது!”

“உன் தாத்தாவுக்கு மாலை, இந்த ஆளுக்கு இதா? என் கை தீக்குச்சியைத் தொடாது, போ.”

விளக்கை மருமகள் ஏற்றினாளாம். ஷாஜி இன்றும் அதே ஏப்ரனில்தான் நிற்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். வீட்டு வரவு செலவில் ஒரு பைசா பிசக விடாதவள் நான். பெற்ற பிள்ளையை எங்கே பிசகவிட்டேன்?

நீங்கள் இப்போது நம் பூஜையறையில், முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அந்த எழுத்து ஷாஜியின் நெஞ்சிலிருந்து இறங்கும்வரை, மகன் கடையே என்றாலும் அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன். இறங்கிய அன்று, உங்களைக் கையில் ஏந்திப் போய் நானே விளக்கேற்றுவேன்.

உங்கள் கூலியில் வளர்ந்த மகள்,
லட்சுமி