போர்வெல்லுக்குப் பக்கத்தில் நட்ட கல்

கெலமங்கலம்
தை 20

அன்பு மகள் சுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குளிருக்கு அப்பாவின் முழங்கால்தான் கொஞ்சம் மக்கர் செய்கிறது. கயத்தாற்றுக் காற்றாலை வேலையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதே தினமும் என் நினைப்பு. இதைப் போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நீ டியூட்டிக்கு ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நம் நிலத்தில் சர்வே செய்து, போர்வெல்லை ஒட்டி ஒரு கல் நட்டுவிட்டுப் போனார்கள். பெரிய கரண்ட் லைன் வருகிறதாம், அங்கே டவர் நிற்குமாம். மூன்று முறை தோண்டி நான்காவது முறை தண்ணீர் கண்ட இடம் அது என்பது உனக்குத் தெரியும். நாளைக்கு மோட்டார் பழுதானால் அதை வெளியே தூக்க வண்டி எப்படி உள்ளே வரும் என்று அப்பா கொதித்துப்போய்க் கல்லைப் பிடுங்கி ரோட்டில் போட்டுவிட்டார். இரண்டு நாளில் சர்வே பார்க்கும் ஆனந்தராஜ் என்ற தம்பி திரும்ப வந்தார். அப்பா முகம் கொடுத்தே பேசவில்லை. நான்தான் மோர் கொடுத்து உட்காரவைத்து, இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டேன். போனில் மேப்பைக் காட்டினார். ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிற லைன், ஆரம்பிக்கிற இடம் உங்கள் கயத்தாற்றுப் பக்கம். ஆடியில் காற்று நன்றாக அடிக்கும்போதே காற்றாடியை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நீ வருத்தப்பட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அது ஏன் என்று கேட்டேன். காற்று இருக்கிறது, கொண்டுவர லைன் போதவில்லை, இருக்கிற கம்பியில் அளவுக்கு மேல் ஏற்றினால் சூடேறித் தொய்ந்துவிடும் என்றார். பேட்டரியில் பிடித்து வைக்கக் கூடாதா என்றும் கேட்டேன். வைக்கிறார்களாம், ஆனால் அவ்வளவு காற்றுக்கும் அது காணாதாம். அப்பா எல்லாவற்றையும் வரப்பில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆனந்தராஜ் போன பிறகு என்னிடம், “நம்ம புள்ள காத்தாடி நிக்கிறதுக்கு நம்ம நெலமும் ஒரு காரணமா?” என்றார். ஆனாலும் அதற்காகப் போர்வெல்லை விட்டுக்கொடுக்கவும் எங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் ஆனந்தராஜோடு நானே லைன் போகிற வழியில் நடந்தேன். லைனைத் திருப்ப முடியாது, திருப்பினால் இன்னும் பெரிய டவர் வேண்டும் என்றார். நம் கிழக்கு எல்லைப் பாறையும் அதே நேர்கோட்டில்தான் இருந்தது. “திருப்ப வேணாம் தம்பி, நேரா முன்னால தள்ளி அந்தப் பாறை மேல நிறுத்தக் கூடாதா?” என்று கேட்டேன். அவர் டேப்பை எடுத்து அளந்து பார்த்தார். டவருக்கு டவர் இடைவெளி கூடினால் கம்பி அதிகம் தொங்கும், டவரை உயர்த்த வேண்டியிருக்கும், ஆபீஸில் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனார். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். போன புதன்கிழமை சரி என்று உத்தரவு வந்துவிட்டது. ஆனால் கம்பிக்குக் கீழே வருகிற மூன்று மாமரத்தையும் வெட்டத்தான் வேண்டும், இனி அங்கே உயரமாக எதுவும் வளர்க்கக் கூடாது. மூன்றும் இப்போது பூவாய் நிற்கின்றன. காய் இறங்கும்வரை விடச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டுதான் அப்பா கையெழுத்துப் போட்டார்.

இந்த ஒரு லைன் வந்தால் உன் காற்றாடி நிற்காமல் சுற்றுமா என்று நான் ஆனந்தராஜிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதம்மா என்றார். இன்னும் எத்தனையோ லைன் வேண்டுமாம். இதே லைனில்கூட அரூர்ப் பக்கம் கரியப்பன் என்று ஒருவர், மகனுக்கு வீடு கட்ட வைத்திருந்த இடத்தில் டவர் கல் நட்டதால் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாராம், அங்கே லைன் வேலை எல்லாம் அப்படியே நிற்கிறது. அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று விடிந்ததும் அந்த ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். நிலத்தைக் கொடு என்று சொல்ல நான் யார், டவரை முன்னே பின்னே தள்ள முடியும் என்று அந்த மனுஷனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதை மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். மேலே ஏறும்போது பெல்ட் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார், அவசரம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

உன் அம்மா,
மு. வெங்கடம்மாள்