சுவரைத் தாண்டிப் போன ஒயர்

அன்பு மகள் சைகலுக்கு, அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் கொரியாவில் அந்த இஞ்சியோன் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் அம்மா இன்னும் கசானில் உன் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள், இரட்டைக் குழந்தைகள் அவளை விடுவதாக இல்லை. வசந்தத்துக்கு வருகிறேன் என்றவள் இப்போது இலையுதிர் காலம் என்கிறாள். போனில் குழந்தைகள் கத்துவதைக் கேட்டுவிட்டு வைத்த பிறகு இந்த வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது.

பக்கத்து வீட்டு பாகாஸ் போன மாதம் தவறிவிட்டார். நாற்பதாம் நாள் முடியும் வரை நம் மாடியில் யாரும் பாட்டு வைக்கக் கூடாதல்லவா, நானும் ரிக்கார்டு பிளேயரின் வாயைக் கட்டிவிட்டேன். நீங்கள் எல்லாரும் போனபின் என்னோடு பேசுகிற ஒரே ஜீவன் அதுதான். ஒரு வாரம் தாங்கினேன், எட்டாம் நாள் கடிகாரத்தோடு பேச ஆரம்பித்துவிட்டேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அப்போதுதான் நீ விட்டுப்போன அந்தக் கனத்த ஹெட்போன் ஞாபகம் வந்தது. காதோடு போகும் பாட்டு யாரையும் புண்படுத்தாதே என்று மாட்டிப் பார்த்தால் கொசு முனகுகிற சத்தம்தான் வந்தது. சத்தத்தைக் கூட்ட ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்று வேண்டும் என்று சந்தையில் சொன்னார்கள். எது வாங்கட்டும் என்று உனக்குச் செய்தி அனுப்பினேன், எதுவானாலும் சரிப்பா, வேலையில இருக்கேன் என்று பதில் போட்டாய். எதுவானாலும் சரி என்று ஒரு பெட்டி இல்லை மகளே. இருப்பதிலேயே மலிவானதை வாங்கி வந்தேன், அதில் கம்ப்யூட்டருக்குச் செருகும் யு.எஸ்.பி. துளை மட்டும்தான் இருந்தது. நம் பிளேயரிலிருந்து வருவதோ சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு முனை.

திரும்ப ஓர்தோ-சாய் சந்தைக்குப் போனேன். கடைக்காரன் தலாய்க்கு ஒரே சிரிப்பு. "ஒயரக் கையோட கொண்டாந்திருக்கலாம்ல பெரியவரே, பொண்ணு வீட்டு விலாசத்த மறந்துட்டுப் பொண்ணு பாக்கக் கெளம்புன மாப்பிள்ளை மாதிரியில்ல வந்துருக்கீங்க" என்றான். பிறகு மனசு இரங்கி, பின்னால் சிவப்பு வெள்ளைத் துளைகள் உள்ள ஒரு இரும்புப் பெட்டியை எடுத்து வைத்தான். "உங்க ஹெட்போன் கனம், சின்னப் பெட்டி அத இழுக்க மூச்சு வாங்கும், இது இழுத்துரும்" என்றான். முன்னால் ஹெட்போனுக்கு இரண்டு துளை. எனக்கு இருப்பது ஒரு தலைதானே, இன்னொன்றுக்கு எதற்குக் காசு என்று பேரம் பேசி, பழையதைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மாட்டிக் கேட்டேன். வாத்திய நரம்பின்மேல் வில் உரசுவது கூடத் தனியாகக் கேட்டது, அழுதுவிட்டேன். ஆனால் கதவு தட்டியது கேட்கவில்லை. பாகாஸின் பெயரில் பங்கிட எண்ணெயில் பொரித்த ரொட்டியோடு அவர் மனைவி பாகிலா கால் மணி நேரம் தட்டியிருக்கிறாள். நானும் போய்விட்டேன் என்று நினைத்துக் கீழ்வீட்டு ஆட்களைக் கூட்டிவந்து பூட்டை உடைத்துவிட்டாள். கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். துக்க நாளில் பாட்டா என்று திட்டுவாள் என்றுதான் தலை குனிந்தேன். அவளோ, "செத்துப் பொழைச்சேன் அண்ணே. வழக்கம் வழக்கம்னு மாடியே வாய மூடிக்கிட்டீங்க. அவரு இருந்தப்ப உங்க பாட்டத் திட்டிக்கிட்டேதான் தாளம் போடுவாரு. இப்ப சுவத்துக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லன்னா, நான் எதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறது?" என்றாள். மரியாதை செய்கிறேன் என்று நினைத்து அவளிடம் மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டேனே மகளே.

சத்தமாக வைத்தால் ஐந்தாம் மாடிக்காரர்கள் என்னைத் தோலுரித்துவிடுவார்கள். அதனால் பெட்டியின் இரண்டாவது துளையில் ஒரு நீள ஒயரைச் செருகி, வெந்நீர்க் குழாய் சுவருக்குள் போகிற சந்தில் அந்தப் பக்கம் விட்டேன். அவள் பேரனுடைய ஹெட்போன் அங்கே இருந்தது. மறுநாள் மூன்று மணிக்கு அவள் அவள் வீட்டில், நான் நம் வீட்டில், ஒரே பாட்டு. ரிக்கார்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்தது, அவளுக்குப் பிடித்ததோ இல்லையோ என்று ஹெட்போனைக் கழற்றி உட்கார்ந்திருந்தேன். சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. திருப்பிப் போடச் சொல்கிறாள். நீங்கள் போனபின் இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை மகளே.

பூட்டு உடைந்த கதையை அம்மாவிடம் சொல்லாதே, பயந்துவிடுவாள். அல்லா உனக்குத் துணையிருக்கட்டும், உன் கைவேலை பலிக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு, ஆனால் வழக்கம்போல மூன்று மணிக்கு வேண்டாம், நாலு மணிக்குக் கூப்பிடு. மூன்று மணிக்கு என்னை ஒருத்தர் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

என்றும் உன் அப்பா,
எசென்
பிஷ்கேக்