குசினி வாசலுக்குப் பதினொரு அடி

யூலை 3, வியாழன்

அக்கா வருவது உறுதி. 19ஆம் திகதி, சனி, அதிகாலை கட்டுநாயக்கா. தகவல்: சுபா, அக்காவின் மகள், ரொறன்ரோ. விமானச் சீட்டின் படம் காலை 6.10க்கு வந்தது. பெயர், திகதி, நேரம் மூன்றும் சரி பார்த்தேன்.

திரும்பும் திகதி இல்லை. ஒருவழிச் சீட்டு. சுபாவிடம் கேட்டேன். "அதை அம்மாவே சொல்லுவா மாமா." இது பதில் அல்ல.

சோளகக் காற்று விடிந்ததிலிருந்து ஓயவில்லை. ஓட்டு இடுக்கால் மண். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டல்.

பதினாறு நாள். வேலை நிலவரம்:
– அக்காவின் அறைக்குள் புதுக் குளியலறை. சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது.
– நடு அறை ரைல்ஸ், முடிந்தது. தரை இரண்டு அங்குலம் உயர்ந்தது.
– பின்னறைச் சாமான். மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.
– நுளம்பு வலை. மறக்கக்கூடாது.

குளியலறைக்கு இடம் எடுக்க அறையின் பின்வாசலை அடைத்தாயிற்று. அது குசினிக்கு நேரே போகும் ஒடுங்கிய நடைக்குள் திறக்கும் வாசல். இனி அறையிலிருந்து நடு அறைக்கு வந்து, வலப்பக்கத்துப் புது வாசலால் சுற்றிப் போக வேண்டும். ஆனால் எழுபத்து மூன்று வயதில் கிணற்றடிக்கு நடக்கத் தேவையில்லை. நல்ல முடிவு. என் முடிவு.

தண்ணீர் பவுசர் வரவில்லை. நாளை என்கிறார்கள்.

யூலை 4, வெள்ளி

பின்னறை. சித்தப்பா குடும்பம் இருபது வருடம் இங்கே இருந்து, போன வருடம் பிரான்சுக்குப் போனது. ஒன்றையும் எறியாத மனிதர்கள்.

எறிவது: கல்யாணக் காட்டுகள், ஒரு சாக்கு. ஓடாத மணிக்கூடு நான்கு. மூடியில்லாத தெர்மோஸ். கால் இல்லாத கதிரை. கதிரை இல்லாத கால் இரண்டு.
வைப்பது: அப்பாவின் மாத்தறைக் கடைப் பலகை. எழுத்து ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் சிங்களம். இரண்டும் அரைவாசி அழிந்தது.
கேட்டு முடிவு செய்வது: ஒன்றும் இல்லை. யாரைக் கேட்பது.

பழைய மரப் பெட்டகத்தைச் செபமாலையிடம் கொடுத்துவிட்டேன். எட்டடி நீளம், நடையில் பாதியை அடைத்து நின்றது. ரைல்ஸ் வேலைக்கு வெளியில் எடுத்தது திரும்ப உள்ளே போகவில்லை. செபமாலை ஊர்காவற்றுறைக்காரர். கடலுக்குப் போகிறவர், சோளகம் தொடங்கினால் மேசன்.

"ஐயா, உது மழையிலை நனையப் போகுது. நான் வலை போட்டு வைப்பன்."
"மழைக்கு இன்னும் மூண்டு மாதம் கிடக்கு."
"அப்ப வெயிலிலை காயப் போகுது."

கொடுத்தேன். மண்கும்பானிலிருந்து பவுசர் வந்தது. வீட்டுக் கிணறு உவர். அதில் சீமெந்து குழைத்தால் ஒரு மாரிக்குள் சுவர் உப்புப் பூத்துச் சொரியும். செபமாலை "உள்சுவர்தானே ஐயா, ஆர் பாக்கப் போகினம்" என்றார். விடவில்லை. அடைத்த வாசலைப் போல மீதிச் சுவரும் நல்ல தண்ணீரில்தான்.

யூலை 6, ஞாயிறு

அக்காவுடன் வீடியோ அழைப்பு. புது ரைல்ஸ் காட்டினேன். குளியலறை இன்னும் சொல்லவில்லை, வந்து பார்க்கட்டும்.

"வடிவாயிருக்கு தம்பி. நல்ல நிறம்."

பிறகுதான் பார்த்தேன். போனைப் பிடித்திருந்த விதத்தில் கமராவை என் விரல் முழுதாக மூடியிருந்தது. திரையில் கறுப்பு மட்டும்.

 விரலை எடுத்தேன். அக்கா அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கம்.

"பெட்டகம் பழைய இடத்திலைதானே நிக்குது?"
"ரைல்ஸ் வேலை நடக்குது அக்கா."
"அதை ஒருதரும் அசைக்க வேண்டாம்."

ஊகம் எழுதக்கூடாது. குறிப்பு மட்டும்: (1) கறுப்புத் திரை, "நல்ல நிறம்". (2) ஒருவழிச் சீட்டு. (3) மேயிலிருந்து கைப்பட ஒரு வரி இல்லை, எல்லாம் குரல் செய்தி.



யூலை 7, திங்கள்

விசாரணை, முதல் வாய்: பக்கத்து வளவு இராசாத்தி அக்கா. அக்காவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஞாயிறு தவறாமல் இருவரும் போனில் கதைப்பார்கள். முருங்கைக்காய் கேட்கிற சாட்டில் போனேன்.

"அக்காவுக்குக் கண் எப்பிடி?"

முருங்கைக்காய் பிடுங்கும் தடியைக் கீழே வைத்தார்.

"சொல்லாதை எண்டவா."
"சொல்லாமல் விட்டால் எனக்கு எப்பிடித் தெரியும்?"
"நீர் பேப்பர்க்காரன். தெரிஞ்சிருக்க வேணும்." கொஞ்சம் பொறுத்து: "இடக்கண் முற்றாய்ப் போட்டுது. வலக்கண் ஒரு குழாய்க்குள்ளாலை பாக்கிற மாதிரியாம். அங்கை மகளின்ரை வீட்டிலை ரெண்டு தரம் படியிலை விழுந்தவா. ஊரிலை, சுருவில் வீட்டிலை எனக்குக் கண்ணே தேவையில்லை, கையாலை தடவியே திரிவன் எண்டு சொல்லித்தான் வெளிக்கிடுறா."

நான் நின்றேன். காற்று முருங்கைப் பூவை முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் முகம் வெளிறிப்போச்சு?"
"வாசலை அடைச்சுப்போட்டன்."
"எந்த வாசலை?"

சொன்னேன்.

"தம்பி, அது அக்காவின்ரை சீதன வீடு. உம்மை இருக்க விட்டிருக்கிறா. சுவரிலை ஆணி அடிக்கிறதெண்டாலும் ஒரு வார்த்தை கேக்கிறதெல்லே எங்கடை வழக்கம்?"

உண்மை. அம்மா அக்காவின் பெயருக்கு எழுதிய வீடு. நான் பத்திரிகை வேலையில் ஓய்வு பெற்று, யாழ்ப்பாணத்து வாடகை அறையை விட்டு வந்தவன். விருந்தாளி.

முருங்கைக்காய் வாங்காமல் திரும்பினேன்.

யூலை 8, செவ்வாய்

இரண்டாம் வாய்: சுபா. மாலை 5.40. மறுக்கவில்லை, அழுதாள். கண்ணுக்குள் அழுத்தம், நரம்பு பழுது. போனது திரும்பாது. மிச்சம் எவ்வளவு நாள் நிற்கும் என்பது கடைசிச் சோதனையில் தெரியும். அறிக்கை அடுத்த வியாழன், 17.

"மாமா, உங்களுக்குத் தெரியுமெண்டு அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. சொன்னால் வரமாட்டா. ஆருக்கும் பாரமாய் வாறது அவவுக்குச் சரிவராது."
"வந்து விழுந்தால்?"
"அதுக்குத்தான் அங்கை வாறா. அங்கை விழமாட்டன் எண்டு."

உறுதியாயிற்று. பதினொரு நாள்.

யூலை 9, புதன்

சால்வையால் கண்ணைக் கட்டி நடந்து பார்த்தேன். அக்காவின் கட்டிலிலிருந்து குசினிக்கு.

முதல் முறை: குளியலறைச் சுவரில் நெஞ்சு.
இரண்டாம் முறை: நடு அறை வரை சரி. புது வாசலில் அந்த இரண்டு அங்குலம். வலக் காலின் முன்னெலும்பில் காயம், ஒரு விரல் நீளம்.
மூன்றாம் முறை போகவில்லை. அறை நடுவில் நின்றேன், சுவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல். சால்வையை அவிழ்க்கக் கை போக நேரம் எடுத்தது.

பெட்டகம் நடையில் எந்தப் பக்கம் நின்றது? இடம் என்று நினைக்கிறேன். ஒரு மாதத்துக்கு முன் நானே வெளியில் எடுப்பித்தது. நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது.

யூலை 10, வியாழன்

செபமாலையிடம் சொன்னேன்.

"கட்டினதை உடைக்கவோ?"
"ஓம். வாசலையும், குளியலறைச் சுவரையும்."
"ஐயா, போன கிழமை நீங்கள்தானே அடைக்கச் சொன்னனீங்கள்."
"ஓம்."
"அதுவும் நல்ல தண்ணியிலை குழைச்சது. லேசிலை போகாது. என்ரை சொல்லுக் கேட்டுக் கிணத்துத் தண்ணி விட்டிருந்தால் இப்ப கையாலை தட்டி விழுத்தியிருக்கலாம்."

காரணத்தைச் சொன்னேன். பகிடி நின்றது. தலைத்துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

"வாசல் பழைய அளவிலையே வேணுமோ?"
"ஒரு நூல் பிசகாமல்."
"பழைய நிலை எங்கை?"

வாசல் நிலையை விறகோடு விறகாய் அடுக்கியிருந்தோம். ஒரு கால் கறையான். வேலணைத் தச்சரிடம் மற்றதை மாதிரிக்குக் கொண்டுபோனேன், முச்சக்கரவண்டிக் கூரையில் கட்டி. வெள்ளி தருவாராம். எந்த வெள்ளி என்று கேட்டேன். 18.

அக்கா வரும் நாளுக்கு முதல் நாள். தச்சர் வெள்ளி என்றால் எனக்குப் பழக்கமான வெள்ளி அல்ல.

யூலை 11, வெள்ளி

பழைய வீட்டைப் பற்றி எழுதப்போகிறேன், விபரம் வேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டேன். பொய். முப்பத்து நான்கு வருடத் தொழிலில் பேட்டிக்குப் பொய்க் காரணம் சொன்னது இது முதல் தடவை.

அப்படியே எழுதிக்கொண்டேன்:

"கட்டிலாலை எழும்பினால் இடக்கை சுவரிலை. நாலு அடி, பின்வாசல். அதிலை படி ஒரு சாண், இறங்க வேணும். நடைக்குள்ளை பெட்டகம், வலது இடுப்புக்கு."
"வலதோ?"
"வலது. உனக்கு இடமெண்டு நினைப்பு, ஏனெண்டால் நீ எப்பவும் குசினிக்குள்ளை இருந்துதான் வருவாய், வாயிலை ஏதும் அடைஞ்சுகொண்டு." சிரித்தார். "பெட்டகத்தைத் தடவிக்கொண்டு அஞ்சு. முடிஞ்ச பிறகு ரெண்டு. மொத்தம் பதினொரு அடி, குசினி வாசல்."

அப்போது பின்னால் அலவாங்கு சுவரை இடிக்கும் சத்தம். செபமாலையைத் தேத்தண்ணிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

"என்ன சத்தம்?"
"வாசல் திறக்கினம்."
"அடைச்சிருந்ததோ?"

அங்கே சமையலறையில் குளிர்பெட்டி இரைவது கேட்டது.

"அடைச்சனீ."
"ஓம் அக்கா. உங்களுக்குக் குளியலறை…"
"ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிஞ்சனீ. என்னட்டை ஒண்டு கேக்கேல்லை."

செபமாலையைக் கையால் நிறுத்தச் சொன்னேன். அலவாங்கு ஓய்ந்தது.

"ஆர் சொன்னது? சுபாவோ, இராசாத்தியோ?"
"என்ரை விரல். கமராவிலை இருந்தது."

 வரமாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பேனை கையில், எழுதவில்லை.

"இப்ப என்ன செய்யப்போறாய்?"
"எல்லாம் இருந்தபடி."
"கிணத்தடிக்கு?"
"கயிறு கட்டி விடுறன். பிடிச்சுக்கொண்டு…"
"கயிறு கட்டினால் நான் கட்டுநாயக்காவிலையே திரும்பிடுவன். ஊர் பாக்கக் கயிறு பிடிச்சு நடக்கவோ? விழுந்தால் விழுறன். கல்லுகளைப் பொறுக்கிப் போடு, அது காணும்."

வைத்துவிட்டார். வருகிறாரா என்று கேட்கவில்லை.

மாலை சுபாவின் செய்தி, ஒரே வரி: "அம்மா சூட்கேசை இன்னும் திறந்துதான் வைச்சிருக்கிறா." அடுக்குகிறாரா, எடுக்கிறாரா, விபரம் இல்லை.

யூலை 13, ஞாயிறு

பெட்டகம் திரும்பியது. செபமாலையின் மச்சானின் லான்ட்மாஸ்ரர் இழுவை வண்டியில். செபமாலை கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்திருக்கிறார்.

"மணம் போகாது ஐயா. மூண்டு நாள்தான் வலை கிடந்தது, அதுக்குள்ளை பிடிச்சிட்டுது."

மணந்து பார்த்தேன். நடை முழுக்க மீன்.

"நல்லதுதானே. தடவாமலே பெட்டகம் வருதெண்டு தெரியும்."
"அக்கா சைவமெல்லோ?"
"ஐயோ" என்றார் செபமாலை.

வலப்பக்கம் வைத்தோம். சுவரில் பழைய சுண்ணாம்பில் பெட்டகத்தின் நிழல் போல ஒரு வெளுத்த இடம். வலப்பக்கம்தான். இத்தனை நாளும் அது அங்கேயே இருந்தது.

யூலை 15, செவ்வாய்

குளியலறைச் சுவர் போயிற்று, வாசல் திறந்தது. நிலை இல்லாமல் வெறும் ஓட்டை. புது வாசல் பலகையால் மறித்தது. நடு அறை உயரம் அப்படியே. அக்கா அந்த வழி போகத் தேவையில்லை.

சால்வை கட்டி நடந்தேன். நாலு, படி, பெட்டகம், அஞ்சு, ரெண்டு. என் பதினொன்று குசினிச் சுவரில் முடிந்தது. நான் அக்காவை விட உயரம். சரி.

பிறகு உறைத்தது. பதினொரு அடி, அக்கா இந்த வீட்டை விட்டுப் போன முப்பத்தெட்டு வயதின் அடி. இப்போது?

சுபாவிடம் கேட்டேன். அவள் தாய் நடக்கும்போது பின்னால் போய்ச் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டு அளந்திருக்கிறாள்.

"என்ன செய்யிறாய் எண்டு கேட்டவா மாமா. கூட்டுறன் எண்டு சொன்னன்."

அளவு வந்தது. காலடிக்குக் காலடி ஒரு அடிக்கோல் நீளம். நாடா பிடித்துப் பார்த்தேன். பதினோராவது அடி பெட்டகத்தின் பக்கத்திலேயே நிற்கும். குசினிக்கு இன்னும் ஆறோ ஏழோ. அக்கா வந்துவிட்டேன் என்று நினைக்கும் இடத்தில் குசினி இருக்காது.

சொல்வதா? சொன்னால் அவரிடம் மிச்சமிருக்கும் ஒன்றையும் நானே எடுப்பது போல. சொல்லாவிட்டால் அந்த இடத்தில் நின்று கையை நீட்டுவார்.

செபமாலையிடம் கேட்டேன். "கடலிலையும் கரை கிட்ட எண்டு நினைச்ச இடத்திலை இராது ஐயா. கொஞ்சம் கூட வலிக்க வேண்டியதுதான்." சொல்லிவிட்டு மண் குழைக்கப் போனார்.

யூலை 16, புதன்

காற்று கொஞ்சம் இறக்கம். கிணற்றடிப் பாதையில் கல் பொறுக்கினேன், மூன்று வாளி. கயிறு கட்டவில்லை.

சுபா, காலை 7.05: "சூட்கேஸ் பூட்டியாச்சு. திறப்பு அம்மாவின்ரை கழுத்திலை."

பிறகு அக்காவின் குரல் செய்தி, இருபது விநாடி. "தம்பி, என்னைக் கட்டிலடி வரைக்கும் கொண்டுபோய் விடு. அதுக்குப் பிறகு பின்னாலை வராதை. தேத்தண்ணி நான் போடுறன்."

நிலுவையில்:
– கண் வைத்தியரின் அறிக்கை. நாளை, வியாழன், அங்கே பின்னேரம் என்றால் இங்கே வெள்ளி அதிகாலை.
– வாசல் நிலை. வெள்ளி. தச்சர் போன் எடுக்கவில்லை.
– பெட்டகத்தின் மணம். போகவில்லை. தேசிக்காய்த் தோல் போட்டிருக்கிறேன்.
– பதினோராவது அடிக்குப் பிறகு அக்கா நிற்பாரா, நடப்பாரா. சனி, கட்டுநாயக்காவிலிருந்து வீடு வந்து சேரும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தெரியும்.