என் டிராஃப்டை வெளியிட்டது யார், ஸ்டெல்லா?

என் ஸ்டெல்லாவுக்கு,

இவ்வளவு ராத்திரியில் எழுதுகிறேன், மன்னித்துவிடு. உயிரோடு இருந்திருந்தால் "தூங்குடி, காலையில டிபன் பாக்ஸ் கட்டணும்ல" என்று திட்டியிருப்பாய். இரண்டு வருடமாகத் திட்ட ஆளில்லை. நம் வலைப்பூவும் இரண்டு வருடமாக அப்படியே கிடந்தது.

ஏன் கிடந்தது என்று உனக்குத் தெரியும். ஓரத்தில் நீதானே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாய்: "இங்கே ஒருத்தி எழுதுவாள், இன்னொருத்தி வெளியிடுவாள். தன் எழுத்தைத் தானே வெளியிடக் கூடாது." கல்லூரி முடித்த கையோடு ஆரம்பித்தோம், பத்து வருடமாக ஒரு முறைகூட அதை மீறவில்லை. நான் எழுதி டிராஃப்டில் போடுவேன். நீ நாலு வரி வெட்டுவாய், என் மகளின் பெயர் எங்கே வந்தாலும் எடுத்துவிட்டு 'முந்திரி' என்று போடுவாய், பிறகு வெளியிடுவாய். பிள்ளை பெயரை ஊருக்குச் சொல்லாதே என்பாய். நீ காய்ச்சலில் போன பிறகு யார் வெளியிடுவது? எழுதுவதையே விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாமீர்பேட்டை ஏரிக்குப் போய்விட்டு வந்தோம். மகள் பஸ்ஸில் பாதி வழி என் மடியிலும் மீதி வழி முன்சீட்டு அம்மாள் மடியிலும் உட்கார்ந்து வந்தாள். என்னவோ தோன்றியது, எழுதினேன். பள்ளி வேன் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு என்பதுகூட அதில் வந்துவிட்டது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று டிராஃப்டில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். "மறுபடி எழுத ஆரம்பிச்சிட்டியாக்கா? நல்லா இருக்கு" என்றாள். நான் எங்கே வெளியிட்டேன்? திறந்து பார்த்தால் பதிவு நிற்கிறது. மகள் பெயர் வந்த இடமெல்லாம் 'முந்திரி'. வேன் நிற்கும் இடம் இருந்த வரியே இல்லை. கீழே, வெளியிட்டவர்: ஸ்டெல்லா.

அன்றைக்கு வேன் வரும் முன்பே போய்த் தெருமுனையில் நின்றேன். மகளை இறக்கியதும் தூக்கிக்கொண்டு வேக வேகமாக வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டேன். மல்காஜ்கிரியில் பட்டப்பகலில் யாருக்குப் பயந்தேன், சொல்?

முதலில் என் வீட்டுக்காரர்மேல்தான் சந்தேகம். ஜீடிமெட்லாவில் ஷிஃப்ட் முடிந்து வந்தவரைச் செருப்புக் கழற்றவிடாமல் கேட்டேன்.

"ஹவ், ஆமா, மாத்திர கம்பெனில நின்னு நின்னு காலு வீங்கி வந்து, ஒக்காந்து ஒன் தமிழப் படிக்கறேன், பாரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "கைக்கு, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? ஸ்டெல்லா பேரை அதுலேந்து எடுத்துடு. முடிஞ்சு போச்சு."

எடுத்துவிடலாம்தான். ஒரே ஒரு தட்டு. இரண்டு முறை அதுவரை போனேன். நீ செத்ததை நானே இன்னொரு முறை எழுதிக் கையெழுத்துப் போடுவதுபோல இருந்தது. மூடிவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன். டேங்க் பண்ட் ஏரிக்கரைக்கு ஆட்டோவில் போனதை எழுதினேன். நடுவில் வேண்டுமென்றே ஒரு வரி வைத்தேன்: "ஸ்டெல்லா வீடு இருக்கும் லாலாகுடா வழியாகத்தான் போனோம். ஸ்டெல்லா பால்கனியில் வைத்த மல்லிகை இந்நேரம் காய்ந்திருக்கும்." டிராஃப்டில் போட்டேன். இரண்டு நாள் தூக்கம் இல்லை. வியாழக்கிழமை காலை வெளியாகியிருந்தது. அந்த வரி மட்டும் மாறியிருந்தது.

"ஸ்டெல்லா பால்கனியில் வைத்த மல்லிகை இன்னும் பூக்கிறது."

அப்படியானால் உன் வீட்டுக்குள்ளிருந்துதான். உன் வீட்டுக்காரருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. மீதி ஒருத்திதான். அவர் போன வருடம் கட்டிக்கொண்டு வந்த அரக்கோணத்துப் பெண். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. வலைப்பூ திறந்தே கிடக்கும் உன் போன் அவளிடம்தான் இருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எழுதுவதை விட்ட பிறகும் அந்தக் கல்யாணத்தன்று மட்டும் ஆத்திரத்தில் ஒரு டிராஃப்ட் எழுதியிருந்தேன், ஸ்டெல்லா. உன் பாத்திரத்தில் சமைத்து, உன் பீரோவில் புடவை மடித்து வைக்க ஒருத்தி கூசாமல் வந்துவிட்டாள் என்று. இன்னும் மோசமாகவும். ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது. வெளியிடவும் இல்லை, அழிக்கவும் இல்லை. படித்திருப்பாள். படித்துவிட்டு எதற்கு வைத்திருக்கிறாள்? என்றைக்குப் போடுவதற்கு?

சனிக்கிழமை போனேன். உன் வீட்டுக்காரர் ஒர்க் ஷாப்புக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் தோழி, இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். என் பெயரையோ மகள் பெயரையோ சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. உட்காரச் சொல்லி டீ போடப் போனாள். சமையலறையில் உன் டப்பாக்கள் நீ வைத்த வரிசையிலேயே இருந்தன. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. மாற்றி வைத்திருந்தாலும் பிடித்திருக்காது.

பால்கனியில் மல்லிகை பூத்திருந்தது.

டீயும் தட்டில் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். மகள் என் முந்தானைக்குப் பின்னால் போய் "நக்கோ, வேணாம்" என்றாள். அவள் குனிந்து, மிக இயல்பாக, "முந்திரிக்குப் பிஸ்கட் வேணாமா?" என்றாள். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லையே.

தட்டு அவள் கையில், டம்ளர் என் கையில். அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். நீதானா என்று கேட்கத்தானே போனேன்? ஆனால் டீ ஆறும்வரை பள்ளிக்கூடம், மழை, குழந்தைக்குச் சளி என்று என்னென்னவோ பேசினோம்.

படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள். "அடுத்து எங்கயாச்சும் போவீங்களாங்க?" என்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

அதைத்தான் நாலு நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வேவு பார்க்கிறவள் கேட்கிற கேள்வியா அது, படிக்கக் காத்திருக்கிறவள் கேட்கிற கேள்வியா? வேன் நிற்கும் இடத்தை எடுத்தவள் என் பிள்ளையைக் காப்பாற்றினாளா, இல்லை தெரிந்து வைத்துக்கொண்டாளா? நீ இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாய். எனக்கு ஆளை எடைபோடத் தெரியாது, சந்தேகப்படத்தான் தெரியும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் பெயரை இந்த வலைப்பூவிலிருந்து எடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவர்கள் வாயால் கேட்காமல் இனி ஒரு பயணமும் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தையும் நானாக வெளியிட மாட்டேன். டிராஃப்டில்தான் போடுகிறேன். இதை முதலில் படிக்கப்போவது நீ இல்லை என்று தெரிந்தேதான் போடுகிறேன்.

அரக்கோணத்து அக்கா, அந்தப் பழைய டிராஃப்டை இன்றைக்கு நானே அழித்துவிட்டேன். அதற்கு மன்னிப்பை உங்களிடம் நேரில்தான் கேட்க வேண்டும். இதில் எந்த வரியை வேண்டுமானாலும் வெட்டுங்கள். ஆனால் கீழே உங்கள் பெயரிலேயே ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஸ்டெல்லாவின் கூடப் பிறக்காத தங்கை,
முந்திரியின் அம்மா